சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலங்கள்

எங்கள் கட்டிடத்தில் பரீட்சைக் காலம் வந்துவிட்டது என்பது, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, அப்போது குப்பை எடுக்க வந்துகொண்டிருந்த அக்காவுக்குத் தெரிந்துவிடும். நாலாவது மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீடாக இறங்கி வந்து, முதல் மாடியில் எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்குவார். "பரீட்ச வந்துட்டு போல மாமி. கப்பு நூடுல்ஸா கெடக்கு" என்பார்.

"யார் ஆத்துல?" என்று கேட்பேன். எனக்கு அந்த அரிப்பு உண்டு.

"கட்டடத்துல" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயராது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. மும்பை மாடுங்காவில் லிஃப்ட் இல்லாத எங்கள் பழைய கட்டிடத்தில் எல்லோரும் அவரை மௌசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, இடது கையில் மட்டும் ரப்பர் கையுறை. வலது கைக்கும் ஆகட்டும் என்று நான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். மறுநாளும் இடது கையில்தான் ஒன்று இருந்தது. "வெறுங்கையில பட்டாத்தான மாமி என்னன்னு தெரியும்" என்றார்.

எங்கள் ஊரில் குப்பை இரண்டு டப்பாவில் போகவேண்டும். ஈரமானது ஓலா, காய்ந்தது சூக்கா. ஓலாவைக் கீழே கார்ப்பரேஷன் வண்டியில் கொட்டிவிடுவார். சூக்காவைக் கோணியில் கட்டித் தாராவிக்கு எடுத்துப்போய்த் தரம் பிரித்துப் போடுவார். அவருக்கு உலகத்தில் இரண்டே சாதிதான். ஒன்று விக்கும், இன்னொன்று விக்காது. பால் கவர் விக்கும். பாட்டில் விக்கும். அட்டைப்பெட்டி, மழையில் நனையாமல் இருந்தால் விக்கும். உள்பக்கம் வெள்ளி பூசினது மாதிரி மினுமினுக்கிற பாக்கெட்டை மட்டும் தாராவியில் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். சிப்ஸ், குர்குர் சத்தம் போடுகிற சோள வஸ்துக்கள், நூடுல்ஸ், க்ரீம் பிஸ்கட் எல்லாம் அந்த மினுமினுப்பில்தான் வருகின்றன. அவற்றின் பேரெல்லாம் அவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "மினுமினுப்பு" என்று ஒரே பேர்தான் வைத்திருந்தார்.

"நான் வந்த புதுசுல மொத்தக் கட்டடத்துக்கும் வாரத்துக்கு ஒரு பை மினுமினுப்பு வரும்" என்று ஒருநாள் சொன்னார். "ஞாயித்துக்கெழம கூடுதலா இருக்கும். இப்ப எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான்."

லாக்டவுனில்தான் அது தலைகீழாக மாறியது என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள், வேளை தவறி எதையோ கொறித்தார்கள். அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில் பொருள் கொண்டுவருகிற ஸ்கூட்டர்கள் வந்தன. இறங்கிப் போய்க் கடையில் கேட்கிற வெட்கம்கூடப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டது. இதையெல்லாம் பெரிய டாக்டர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், நானும் படிக்கிறேன். அக்கா கோணியின் கனத்தை வைத்தே தெரிந்துகொண்டார். ஆனால் யாரையும் குறை சொன்னதில்லை. விற்காத கோபம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒருநாள் எங்கள் சூக்கா டப்பாவிலிருந்து ஒரு பெரிய பளபளப்புக் கவரை எடுத்துத் தனியாகப் போட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"அது ஃப்ளேக்ஸ் அக்கா. பால்ல போட்டுச் சாப்படறது. பன்னெண்டு தானியம் சேர்த்தது, உடம்புக்கு நல்லது."

"நல்லதுதான் மாமி" என்றார் மரியாதையாக. "ஆனா இதும் விக்காது."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். எங்கள் வீட்டில் பாக்கெட் சாமான் வராது என்பது அப்போது நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்த சங்கதி. ஃபோர்ட்டில் இருக்கிற ஆபீஸில், ரயிலில், கட்டிடத்துப் பெண்களின் வாட்ஸப் குழுவில் எல்லாம் சொல்லியாயிற்று. என் பெண் டிபன் பாக்ஸில் இட்லி, சேவை, தயிர்சாதம்தான். ஃப்ளேக்ஸும் சத்துமாவுப் பொடியும் தக்காளி சாஸும் ஃப்ரீசரில் கிடந்த பரோட்டாவும் பாக்கெட் கணக்கில் சேராது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீடு, என் சட்டம்.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது முட்டைத்தோடு விவகாரம்தான். எங்கள் குடியிருப்புச் சங்கம், சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்கிற சொசைட்டி. ஒருநாள் ஓலா டப்பாக்கள் கீழே வரிசையாக இருந்தபோது செக்ரடரி கண்ணில் முட்டைத்தோடு பட்டுவிட்டது. கொலைக் கேஸ் மாதிரி கூட்டம் கூட்டினார். அக்காவை நடுவில் நிறுத்தி, எந்த ஃப்ளாட்டிலிருந்து வந்தது என்று ஹிந்தியில் கேட்டார். அக்கா தன் தாராவி ஹிந்தியில், தனக்குக் கண் சரியாகத் தெரியாது, வெங்காயத்தோல் என்று நினைத்ததாகச் சொன்னார். செக்ரடரி சத்தம் போட்டார். வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே நின்றார், பேர் மட்டும் வரவில்லை. அவர் கண்கள் எவ்வளவு கூர்மை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். முட்டை சாப்பிட்ட வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் எங்கேயோ வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

மறுநாள் நான் குழைந்து பார்த்தேன். "என்கிட்ட மட்டும் சொல்லுங்கோ அக்கா. யாருண்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"குப்பய எடுக்கத்தான் சம்பளம் மாமி. சொல்லுததுக்கு இல்ல" என்றார். "இன்னிக்கு அவுக வீட்டுக் குப்பய ஒங்க வாசல்ல கொட்டுனா, நாளைக்கு ஒங்க வீட்டுக் குப்பய அவுக வாசல்ல கொட்டமாட்டேனா?"

கொட்டட்டுமே என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்ற மிதப்பு அப்போது எனக்கு இருந்தது.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் தீட்டு தொடங்கியது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைக்கவேண்டும், அதைத் தனிப் பையில் போட்டு சூக்கா டப்பாவின் பிடியில் மாட்டவேண்டும் என்பது சொசைட்டி விதி. குப்பை பிரிக்கிறவர்கள் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் புள்ளி. நான் கற்றுக்கொடுத்தேன், அவள் சமர்த்தாகச் செய்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பை பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். என் கணவர் அது தொங்குகிற பக்கமே பார்க்காமல் செருப்பு மாட்டிக்கொண்டு போவார். ஆபீஸில் இந்த விஷயத்தில் நான் முற்போக்காக அரைமணி பேசுவேன். வீட்டில் விரல் நுனியால் பையைத் தூக்கி அக்காவிடம் நீட்டிவிட்டு உடனே கை கழுவுவேன், எத்தனை நாள் வந்தது என்று எண்ணியதில்லை. வளர்ந்த விதம் அப்படி.

அவளுக்குப் பதின்மூன்று ஆனபோது அடிக்கடி வயிற்று வலி என்றாள். சீரகத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாஷ்பேஸினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு. பேஸின் முழுக்க, துண்டு முழுக்க, அவள் உதட்டோரம் எல்லாம் சிவப்பு. அவள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்கமுடியாது.

தெருமுனை டாக்டரிடம் ஓடினோம். நல்ல மனிதர். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "வெளியில ஏதாவது சாப்ட்டியாம்மா? கலர் போட்டது, காரமான சிப்ஸ், சாஸ் இந்த மாதிரி?"

பதில் சொன்னவள் நான். "எங்க ஆத்துல அதெல்லாம் வரவே வராது டாக்டர். ஆத்துச் சாப்பாடு மட்டும்தான்."

அவர் மறுபடியும் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் அதற்குள் அவர் மேஜைமேல் சாய்ந்து, முந்தின நாள் என்ன சமைத்தேன் என்று ரசம் உள்பட ஒப்பித்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி சிவப்பாக வாந்தி. செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை. செம்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள் என்றார். என் கணவர் செல்போனில் தேடித் தேடி, கடைசியில் எதைப் படித்தாரோ, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எனக்கு அவரிடம் கேட்கப் பயம். அவளோ சாப்பிடமாட்டேன் என்றாள், பேசமாட்டேன் என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பதின்மூன்று வயசுக் குழந்தை. எனக்கு ஒரே குழந்தை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வந்தபோது நான் கதவைத் திறந்துகொண்டு சும்மா நின்றிருந்தேன். கதவுக்கு வெளியே இருந்த டப்பாக்களை எடுத்து நீட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"என்ன மாமி, ஆபீஸ் இல்லியா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். "குழந்தை ரத்த வாந்தி எடுக்கறா அக்கா. பத்து நாளா. நாளைக்குக் குழாய் விட்டுப் பார்க்கப் போறா. என்னன்னே தெரியல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

அக்கா கையில் இருந்த இரும்புக் கொக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ரத்தமா? நல்லாப் பாத்தியளா?"

"பேஸின் பூரா சிவப்பு அக்கா. துண்டு பூரா."

"அந்தத் துண்டு காஞ்சப்பொறவு கறுத்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவை தோய்த்துக் கொடியில் போட்ட துண்டு. கறுக்கவில்லை. கறை ஒரு மாதிரி ஆரஞ்சாக, கொடியில் மற்றத் துணிகளுக்கு நடுவில் பளிச்சென்று இருந்தது.

"இல்ல. ஆரஞ்சாட்டம் இருக்கு."

"ரத்தம்னா காஞ்சா கறுக்கும்லா" என்றார்.

அப்புறமும் அவர் நகரவில்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சட்டை நுனியில் கையைத் துடைத்தார். அவர் எதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்கு என் கவலை. பிறகு ஓலா டப்பாவை மட்டும் எடுத்துக் கொட்டிக்கொண்டார். சூக்கா டப்பாவையும் அதில் மாட்டியிருந்த பையையும் தொடவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட எங்கள் குப்பையை விட்டுவிட்டுப் போகாதவர், இன்றைக்கென்று பார்த்து விட்டுவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

கால்மணி கழித்து மருந்துக்கடைக்குப் போகக் கதவைத் திறந்தேன். எங்கள் வாசலில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் மூன்று பொட்டலங்கள், சிவப்புப் புள்ளி வைத்தவை, நூல் அவிழ்த்துப் பிரித்திருந்தன. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பழக்கதோஷம். பிறகு மறுபடி பார்த்தேன். பொட்டலத்துக்குள் இருந்தவை சிப்ஸ் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றையும் யாரோ கையால் நீவி நேராக்கி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். காகிதமெல்லாம் சிவப்புத் தூள். மிளகாயும் புளிப்பும் கலந்த ஒரு வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது. குழாயில் கழுவினேன். ஆரஞ்சாக ஓடியது, ஆனால் விரல் நகக்கண்ணில் சிவப்பு அப்படியே இருந்தது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் இல்லை. அது அப்புறம் வந்தது. முதலில் வந்தது ஒரு பெரிய மூச்சு. பத்து நாளாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது, எங்கேயோ இடுப்பிலிருந்து கிளம்பி வெளியே வந்தது. என் மாமியார் பேர் சொல்லி, என் அம்மா பேர் சொல்லி, தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லி அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டேன். குப்பையைக் கும்பிட்டவள் மாடுங்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செய்தித்தாளை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் பார்த்தாள். போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"டெய்லியாடி?"

போர்வைக்குள்ளிருந்து, "ஆல்மோஸ்ட்."

பள்ளிக்கூடத்திலிருந்து நாலு மணிக்கு வருவாள், நான் ஆறரைக்கு வருவேன். நடுவில் இருக்கிற நேரத்தில் நடந்திருக்கிறது. வகுப்பில் எல்லோரும் தின்பார்கள், எவளுக்கு எவ்வளவு காரம் தாங்கும் என்று போட்டிகூட உண்டாம். இவளுக்கு அது பிடித்துப்போய், தனியாகவும் தின்ன ஆரம்பித்திருக்கிறாள். ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பெரிய பாக்கெட். வெளியே போட்டால் வாட்ச்மேன் பார்ப்பார், சூக்கா டப்பாவில் போட்டால் நான் பார்ப்பேன். யாருமே பார்க்காத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அந்த மூளையைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.

"அத்தனை டாக்டர் கேட்டாளே, ஏண்டி சொல்லல்லே?"

போர்வையை விலக்கினாள். "நீதான் சொல்லிட்டியே, நம்ம ஆத்துல வராதுன்னு."

நான் செய்தித்தாளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"வாந்தி எடுத்துண்டு, அப்புறமும் தின்னியாடி?"

"மூணு நாள் தின்னல்ல. அப்புறம், எப்படியும் சாகத்தானே போறோம்னு..." என்று சொல்லி நிறுத்தினாள். தாளில் இருந்த சிவப்புத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அப்போ அது பிளட் இல்லியா? கலரா?"

"கலர்தாண்டி."

"நான் சாகமாட்டேனா?"

பத்து நாளாக என் குழந்தை தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்கிறாள். சிப்ஸ் தின்றேன் என்று என்னிடம் சொல்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். இருவரும் அழுதோம், நடுவில் எதற்கோ சிரித்தோம்.

செம்பூர் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் இப்போதைக்கு வேண்டாம், வயிறு புண்ணாகித்தான் இருக்கும், மாத்திரை தருகிறேன், இரண்டு வாரம் அந்தப் பாக்கெட்டுகளை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். கடைசியில், "அடுத்த தடவை கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும்மா" என்றார். சரி டாக்டர் என்றேன். என் கணவர் பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பிறகு அவள் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து பிரிக்காத ஒரு பாக்கெட்டைக் கண்டுபிடித்து, நானும்தான் பார்க்கிறேனே என்று பிரித்து ஒன்று வாயில் போட்டார். "நன்னாத்தான் இருக்கு" என்றார். அவரை அடிக்கப் போனேன்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு வலி போயிற்று. இப்போது அவளுக்குப் பதினாறு. சுத்தமாக விட்டுவிட்டாள் என்று நான் தம்பட்டம் அடிக்கப்போவதில்லை, அந்தப் புத்தி போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பாக்கெட் தின்கிறாள், ஹாலில் உட்கார்ந்து, என் கண்ணெதிரே. ஃப்ளேக்ஸை நான்தான் நிறுத்தினேன். பரீட்சை வந்தால் கொஞ்சம் கூடுகிறது, பேசிக்கொள்கிறோம். அக்கா அடுத்த வருஷமே மகனோடு நவி மும்பையில் நெருளுக்குப் போய்விட்டார். இப்போது வண்டியில் வருகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை, அவர்களுக்கு நேரம் இல்லை.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் இருந்திருக்கவேண்டிய நேரத்தில், நான் அக்காவுக்காக வாசலில் காத்திருந்தேன். வந்தவர் வழக்கம்போல மூச்சு வாங்கினார். நேற்று விட்டுவிட்டுப் போன சூக்கா டப்பாவை எடுக்கக் குனிந்தார். நான் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"நீங்க சொல்லலேன்னா நாங்க இப்போ அங்கே இருந்திருப்போம் அக்கா."

"நான் எங்க மாமி சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே. ஒங்க குப்ப, ஒங்க வாசல்ல வச்சேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

அவர் படியைப் பார்த்தார், மேலேயும் கீழேயும். யாரும் இல்லை என்று ஆனபிறகுதான் பேசினார்.

"அது ஒரு மாசத்துக்கு முன்னாடி மாமி. சிவப்புப் புள்ளி வச்ச பொட்டலம் மாசத்துல அஞ்சு நாளு வரணும், ஆறு நாளு வரணும். ஒங்க முடிச்சு எனக்குத் தெரியும், இது பிள்ள போட்ட முடிச்சு, நிக்கவே இல்ல. இருவது நாளா வருது. எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. கோவண்டியில எங்கக்கா மக இப்பிடித்தான், வீட்டுல சொல்லாம சொல்லாம இருந்து, பொறவு ரத்தம் ஏத்தித்தான் பொழச்சா. பிள்ளைக்கு இம்புட்டுப் போனா ஒடம்பு தாங்குமா? ஒங்கட்ட எப்பிடிக் கேக்க? நான் வாய் விட்டுக் கேட்டாக்கா, இவ நம்ம பொட்டலத்த எண்ணுதான்னு நெனப்பியள்லா."

"அதனாலே?"

"பதினோரு வருசத்துல ஒருத்தர் பொட்டலத்தப் பிரிச்சதில்ல மாமி. தப்புன்னு தெரியும். அன்னிக்குப் பிரிச்சேன். இந்தா, இந்தப் படியிலதான் உக்காந்தேன். பிரிச்சா மினுமினுப்பு." அவர் முகம் மலர்ந்தது. "ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் சிப்சு. எனக்கு அழுகையே வந்துட்டு. முந்தானையால மூஞ்சத் தொடச்சிக்கிட்டு அரமணிக்கூறு அங்கயே உக்காந்திருந்தேன். கீழ வண்டிக்காரன் கெடந்து கத்துதான், போவட்டும்னு விட்டுட்டேன்."

அந்தக் காலை நான் எட்டு பத்து லோக்கலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்திருப்பேன். ரயிலில் யாரிடமாவது என் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டும் இருந்திருப்பேன். அதே நேரத்தில் என் வீட்டுப் படியில் ஒருத்தர் உட்கார்ந்து, என் மகளுக்காக என்னைவிட முன்னால் பயந்து, என்னைவிட முன்னால் நிம்மதிப்பட்டு அழுதிருக்கிறார். நான் குனிந்து சூக்கா டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் டப்பாவைக் கோணியில் கவிழ்த்து, கோணியைத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"பிள்ளய ஏசாதீய மாமி, என்ன?"

நான் ஏசவில்லை.